கேள்வி கேட்டும் வகுப்பு யோசிக்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பழுது நீக்கலாம்

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால் எடுத்த எடுப்பில் மோட்டாரைக் கழற்ற மாட்டோம். ஃபுட் வால்வில் குப்பை அடைத்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். வகுப்பில் மட்டும் தலைகீழாகச் செய்கிறோம். கேள்வி கேட்டோம், பதில் வரவில்லை, உடனே “இந்த பேட்ச்சே இப்படித்தான்” என்று ஸ்டாஃப் ரூமில் வந்து உட்கார்ந்துவிடுகிறோம்.

நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஆள் பற்றாக்குறையால் ஆறாம் வகுப்புக் கணக்கும் என் தலையில். இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்தவரை, அடைப்பு பெரும்பாலும் பிள்ளையிடம் இல்லை. கேள்வி கேட்பதற்குச் சற்று முன்பும், பதில் வந்தவுடனேயும் நாம் செய்கிற சின்னக் காரியங்களில் இருக்கிறது.

முதலில் ஒரு சோதனை

போனை ரெக்கார்டிங்கில் போட்டு மேசை டிராயரைப் பாதி திறந்து உள்ளே வையுங்கள். ஒரு பீரியட் போதும். அன்று இரவு கேட்டுப் பார்த்து நான்கு விஷயங்களை மட்டும் எண்ணுங்கள்: எத்தனை கேள்வி கேட்டீர்கள், கேட்டபிறகு எத்தனை வினாடியில் நீங்களே வாயைத் திறந்தீர்கள், யார் யார் பதில் சொன்னார்கள், பதில் வந்தவுடன் உங்கள் வாயிலிருந்து வந்த முதல் சொல் என்ன.

நான் எண்ணியபோது நாற்பது நிமிடத்தில் 52 கேள்வி. அதில் “புரிஞ்சுதா?” மட்டும் 17. ஒரு சொல்லைத் தாண்டிய பதில் மூன்றே மூன்று. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் கணக்கு எப்படி வந்தாலும் அதை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை, கேட்டு முடித்ததும் அழித்துவிடலாம். கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எது என்று பார்க்கத்தான் அது.

அறிகுறி: வகுப்பே ஒரே குரலில் பதில் சொல்கிறது

“ஒளிச்சேர்க்கையில செடி வெளிய விடுற வாயு... ஆக்சி...?”

“ஜன்ன்ன்!”

முப்பத்தெட்டுப் பேரும் சேர்ந்து பாதிச் சொல்லைப் பூர்த்தி செய்தார்கள். கேட்கவே மனசு நிறையும். எனக்குச் சந்தேகம் வந்த ஒருநாள், வேண்டுமென்றே “நைட்ர...?” என்று இழுத்தேன். துளி உற்சாகம் குறையாமல் அதே “ஜன்ன்ன்!” வந்தது. முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் கேட்டதற்கு யோசித்தவள் அவள் ஒருத்திதான்.

சரிசெய்வது சுலபம், பழக்கத்தை விடுவதுதான் கஷ்டம். பாதிச் சொல்லை இழுப்பதை நிறுத்துங்கள். “புரிஞ்சுதா?”வையும் விட்டுவிடுங்கள். அதற்கு “புரிஞ்சுது டீச்சர்” என்பதைத் தவிர வேறு பதிலே கிடையாது. அதற்குப் பதிலாக எல்லோரும் தனித்தனியாகப் பதில் காட்டும்படி செய்யுங்கள். நான் பழைய சிலேட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்தேன். எழுதி, நெஞ்சோடு கவிழ்த்து வைத்துக்கொண்டு, “திருப்பு” என்றதும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். கவிழ்த்து வைப்பது முக்கியம். இல்லாவிட்டால் பக்கத்துச் சிலேட்டிலிருந்து பதில் பரவிவிடும். சிலேட் இல்லையென்றால் ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல். அதையும் தலைக்கு மேலே தூக்காமல் நெஞ்சுக்கு நேரே காட்டச் சொல்லுங்கள்.

அறிகுறி: கேள்வி கேட்டால் மயான அமைதி

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலாவது, நேரம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் ஏராளமான வகுப்புகளை டேப்பில் பதிவுசெய்து, கேள்விக்கும் ஆசிரியரின் அடுத்த பேச்சுக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்தார். 1974-இல் வெளியான அவருடைய கட்டுரைகள் இன்றும் பேசப்படுகின்றன. ஆசிரியர்கள் சராசரியாகக் காத்திருந்தது ஒரு வினாடி அளவுக்குத்தான். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் பல மடங்கு நீளமாயின, பதிலே வராத கேள்விகள் குறைந்தன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். இன்னொன்றையும் அவர் கண்டார், அதுதான் என்னைச் சுட்டது. கெட்டிக்காரர் என்று ஆசிரியர் நினைக்கிற பிள்ளைக்குக் கூடுதல் நேரமும், மந்தம் என்று நினைக்கிற பிள்ளைக்குக் குறைவான நேரமும் கிடைக்கின்றன.

மூன்று வினாடி என்பது காகிதத்தில் ஒன்றுமில்லை. வகுப்பின் முன்னால் நின்றால் பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல இருக்கும். நான் சாக்பீஸை இடது கைக்கு மாற்றி, மறுபடி வலது கைக்கு மாற்றி, ஜன்னல் வழியே வேப்பமரத்தை ஒருமுறை பார்ப்பேன். அதற்குள் மூன்று வினாடி ஆகிவிடும். இந்த இடைவெளியில் செய்யக்கூடாத ஒரே காரியம், கேள்வியை வேறு வார்த்தையில் திருப்பிக் கேட்பது. உதவி செய்வதாகத்தான் நினைக்கிறோம். பிள்ளை முதல் கேள்வியில் பாதி தூரம் போயிருக்கும், அதைப் பிடித்து இழுத்து இரண்டாவது கேள்வியின் வாசலில் நிறுத்துகிறோம்.

காத்திருந்தும் அமைதிதான் என்றால் இரண்டாவது காரணம்: கேள்வியில் யோசிக்க எதுவுமில்லை. “ஆவி சுருங்குதல் என்றால் என்ன?” என்பதற்கு எத்தனை நிமிடம் காத்திருந்தாலும், தெரிந்தவன் சொல்வான், தெரியாதவனுக்குத் தெரியாது. நான் ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரை மேசைமேல் வைத்து, “வெளியில இருக்கிற இந்தத் தண்ணி எங்கிருந்து வந்துச்சு?” என்று கேட்பேன். “டம்ளர்ல ஓட்டை”, “உள்ள இருந்து கசியுது”, “ஐஸ் ஆவியாகி ஏறி வெளிய விழுது” என்று மூன்று கட்சி உருவாகிவிடும். அடுத்த கேள்வி: “இதுல ரோஸ் மில்க் ஊத்தியிருந்தா வெளிய என்ன கலர்ல இருக்கும்?” இதற்குப்பிறகு வகுப்பை அமைதிப்படுத்துவதுதான் வேலை.

இதையும் தாண்டிக் கூச்சம் இருந்தால், தனியாக ஒரு நிமிடம், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம், பிறகுதான் எல்லோர் முன்னாலும். ஃபிராங்க் லைமன் 1981-இல் எழுதிய முறை இது, பயிற்சி வகுப்புகளில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். பயிற்சியில் கேட்டு வகுப்பில் விட்டுப்போவது அந்த முதல் ஒரு நிமிடம்தான். நேராகச் “சேர்ந்து பேசுங்க” என்றால் ஜோடியில் ஒருவர் யோசிப்பார், மற்றவர் தலையாட்டுவார்.

அறிகுறி: எப்போதும் அதே நான்கு கைகள்

கை தூக்கச் சொல்வதை நிறுத்திவிடுங்கள். கேள்வியை எல்லோருக்கும் போடுங்கள், காத்திருங்கள், அதன்பிறகு பெயரைச் சொல்லுங்கள். வரிசை மாறக்கூடாது. பெயரை முதலில் சொன்னால் மீதி முப்பத்தேழு பேரும் அந்த நொடியே ஓய்வெடுக்கப் போய்விடுவார்கள். ஐஸ் குச்சியில் பெயர் எழுதி டப்பாவில் போட்டு எடுக்கலாம். எடுத்த குச்சியை அதே டப்பாவில் திரும்பப் போடுங்கள். தனியாக வைத்தால் “என் டர்ன் முடிஞ்சுது”.

எச்சரிக்கை: பெயர் சொல்லி எழுப்புவது நம் ஊரில் பல காலமாகத் தண்டனைக்கு முந்தைய கட்டம். கவனிக்காத பிள்ளையைப் பிடிக்க இதைப் பயன்படுத்தினீர்களானால் குச்சி டப்பா பிரம்பாகிவிடும்.

அறிகுறி: பதில் புத்தக வரியாகவே வருகிறது

“தாவரங்கள் சூரிய ஒளி மற்றும் பச்சையத்தின் முன்னிலையில்...” என்று கண்ணை மேலே செருகிக்கொண்டு ஒப்பிப்பார்கள். குறுக்கே பேசினால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். புத்தகத்தின் பின்பக்கக் கேள்வியைக் கேட்டால் கைடில் இருக்கும் பதில்தான் வரும். பிள்ளைமேல் தப்பில்லை, நாம் மார்க் போட்டதும் அதற்குத்தானே. அதே பாடத்தில், புத்தகத்தில் வரியாக இல்லாத கேள்வி ஒன்று வேண்டும்.

நான் வைத்திருக்கும் கேள்வி: “நம்ம வேப்பமரம் ஒரு விதையில இருந்து வந்துச்சு. இப்ப அந்த அடிமரத்தை நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. இவ்வளவு எடையும் எங்கிருந்து வந்துச்சு?”

ஒளிச்சேர்க்கையை அட்சரம் பிசகாமல் ஒப்பித்த வகுப்பில் முக்கால்வாசிப் பேர் “மண்ணுல இருந்து” என்றார்கள். “அப்ப மரத்தைச் சுத்தி பள்ளம் விழுந்திருக்கணுமே?” கொஞ்ச நேரம் சத்தமில்லை. “தண்ணி” என்றது ஒரு குரல்.

இந்த இடத்தில் வான் ஹெல்மான்ட் கதையைச் சொல்வேன். பதினேழாம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் பக்கத்து ஆள். ஒரு தொட்டியில் சுமார் 90 கிலோ காய்ந்த மண்ணை எடைபோட்டு நிரப்பி, இரண்டேகால் கிலோ வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறக்குறைய 77 கிலோ ஆனது. மண்ணின் எடையில் ஏற்பட்ட குறைவு 60 கிராம்கூட இல்லை. ஆக மொத்த எடையும் தண்ணீர்தான் என்று முடிவுகட்டினார். “அவர் சொன்னது சரியா?” என்று கேட்டுவிட்டுச் சாக்பீஸைக் கை மாற்றுவேன். ஒப்பித்த வரியில் இருந்த கார்பன் டை ஆக்சைடு அப்போதுதான் யாராவது ஒருவர் மண்டையில் இறங்கும். “டீச்சர்... காத்தா?” என்று நம்பாமல் கேட்பார்கள். காற்று எப்படிக் கட்டையாகும் என்று அவர்களே சண்டைக்கு வருவார்கள். ‘கேஸ்’ என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவரே இந்த வான் ஹெல்மான்ட்தான் என்பதைக் கடைசியில் சொல்வேன். வாயுவுக்குப் பெயர் வைத்தவர் தன் தொட்டிச் செடிக்கு மேலே இருந்த வாயுவைக் கணக்கில் எடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல்.

இதே அறிகுறிக்கு ஓரமாக இன்னொரு காரணமும் உண்டு: நாம் மொழியைத் திருத்துவது. “செடி காத்த தின்னுது டீச்சர்” என்று ஒருவன் சொன்னால், “தின்னுது இல்ல, உட்கிரகிக்கிறது” என்று குறுக்கிடாதீர்கள். அவன் சொன்னதில் அறிவியல் சரியாக இருக்கிறது. யோசிக்கும்போது வீட்டுப் பேச்சு, எழுதும்போது புத்தகப் பேச்சு என்று பிரித்துவிடுங்கள். ஆங்கில வழிப் பிரிவு எடுப்பவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

அறிகுறி: “ஏன்?” என்று கேட்டதும் பதிலை மாற்றிவிடுகிறார்கள்

எனக்குக் கண்டுபிடிக்கவே பல வருடம் ஆனது இது.

“இரும்பு ஆணி, மரக்கட்டை, எது சீக்கிரம் சூடாகும்?”

“ஆணி டீச்சர்.”

“ஏன்?”

“இல்ல டீச்சர்... மரக்கட்டை.”

சரியாகச் சொன்ன பிள்ளை ஏன் பின்வாங்குகிறது? ஏனென்றால் பதில் தப்பாக இருக்கும்போது மட்டும்தான் நான் அதுவரை “ஏன்?” கேட்டிருக்கிறேன். சரியாக இருந்தால் “வெரி குட், உக்காரு”. பிள்ளைகள் என் முகத்தையும் வாயையும்தான் படித்தார்கள், பாடத்தை அல்ல. “ஏன்” என்ற சொல் அவர்கள் அகராதியில் “தப்பு” என்றாகிவிட்டது.

மருந்து: ஒரு வாரம் முழுக்க, சரியான பதிலுக்கும் தப்பான பதிலுக்கும் ஒரே முகம், ஒரே கேள்வி. “எதை வெச்சு அப்படிச் சொல்ற?” என்று நான் மாற்றிக்கொண்டேன், “ஏன்?” என்பதைவிட அதில் அதட்டல் குறைவு. “வெரி குட்”டை ஐந்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். ஒருவர் வாயிலிருந்து சரியான பதில் வந்ததும் நாம் பாராட்டிவிட்டால், கடை மூடிவிட்டது என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். பதில் வந்தபிறகும் மூன்று வினாடி சும்மா இருங்கள். ரோ அளந்த இரண்டாவது இடைவெளி இதுதான். சொன்ன பிள்ளையே “அதாவது டீச்சர்...” என்று தொடரும். இல்லாவிட்டால் “இவ சொன்னதை நீ உன் பேச்சுல சொல்லு” என்று அடுத்தவரிடம் கொடுங்கள், “இதை ஒத்துக்காதவங்க யாரு?” என்று மூன்றாமவரிடம் போங்கள். பந்து ஒவ்வொரு முறையும் உங்கள் கைக்கே திரும்பி வந்தால் அது கலந்துரையாடல் இல்லை, கேட்ச் பிராக்டிஸ்.

முதல் மூன்று நாள் பிள்ளைகள் கலங்கிப்போவார்கள். ஒரு பெண் “டீச்சர், சரியா தப்பான்னு சொல்லிடுங்களேன்” என்று கெஞ்சினாள். தாக்குப்பிடியுங்கள். ஆனால் பீரியட் முடிவதற்குள் சரியான விடையைப் போர்டில் எழுதிவிடுங்கள். தொங்கலில் விடுவது வேறு, ஏமாற்றுவது வேறு.

அறிகுறி: தப்பாகச் சொன்னால் வகுப்பு சிரிக்கிறது

சிரித்தவர்களைத் திட்டுவதால் சிரிப்பு மேசைக்கு அடியில் போகும், அவ்வளவுதான். தப்பான பதிலுக்கு வகுப்பில் ஒரு வேலை கொடுங்கள். “மார்கழியில ஏன் குளிருது?” என்று கேட்டேன். கடைசி பெஞ்சுப் பையன், “சூரியன் தூரமா போயிடும்” என்றான். சிரிப்பு. “இவன் சொல்றதைச் சோதிக்கலாம், எழுது” என்று போர்டில் இரண்டு தூரத்தைப் போட்டேன்: ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலைத் தொடக்கத்தில் மிகத் தொலைவில், சுமார் 15.2 கோடி. பெருமாள் கோயிலில் பொங்கல் வாங்க விடியலில் நடுங்கிக்கொண்டு நிற்கிற மாதத்தில்தான் சூரியன் பக்கத்தில் இருக்கிறது. சிரித்தவர்களில் பாதிப் பேர் மனசுக்குள் வைத்திருந்ததும் அந்தப் பையனின் பதில்தான் என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. இப்போது கேள்வி எல்லோருடையதும் ஆகிவிட்டது. நிழல் எப்போது நீளமாக இருக்கிறது, பகல் எத்தனை மணி நேரம் என்று தோண்டத் தோண்ட, சென்னையில் ஏப்ரல் கடைசியில் ஒரு நண்பகலில் கம்பத்தின் நிழல் காணாமல் போவதுவரை பேச்சு போனது. “இந்தக் கேள்வியைக் கிளப்பினது யாரு?” என்று மட்டும் முடிவில் கேட்டேன். பையன் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

அறிகுறி: வாயால் சரியாகச் சொல்கிறார்கள், பரீட்சையில் கோட்டை விடுகிறார்கள்

அப்படியென்றால் உங்கள் கேள்வி தப்பான யோசனையையும் சரியான விடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆறாம் வகுப்பில் “0.4, 0.35 — எது பெரிசு?” என்று கேட்பேன். எல்லாச் சிலேட்டிலும் 0.4. சந்தோஷம். பரீட்சையில் விழுந்தார்கள். விசாரித்தால், “புள்ளிக்கு அப்புறம் நம்பர் கம்மியா இருந்தா பெரிசு டீச்சர்” என்று ஒரு கூட்டமே விதி வைத்திருந்தது.

இப்போது கேட்பது: “0.3, 0.45, 0.125 — எது பெரிசு?” இலக்கம் அதிகமானால் பெரிசு என்பவர் 0.125 எழுதுவார். குறைந்தால் பெரிசு என்பவர் 0.3. இடமதிப்பு தெரிந்தவர் 0.45. சிலேட்டைத் திருப்பிய கணத்தில் யாருக்கு எந்த நோய் என்று தெரிந்துவிடும். இப்படி ஒரு கேள்வி செய்ய எனக்கு அரை மணி நேரம் பிடிக்கும். பாடத்துக்கு ஒன்று போதும், நோட்டில் எழுதி வைத்தால் அடுத்த வருடமும் உதவும்.

சிலேட்டைப் பார்த்து அடுத்து என்ன செய்வது? ஹார்வர்டில் இயற்பியல் எடுக்கும் எரிக் மஜூர் 1990-களிலிருந்து சொல்லிவரும் கணக்கு கையடக்கமானது. 30 சதவீதத்துக்குக் கீழே சரியென்றால் மறுபடி நடத்து. 70-க்கு மேலே என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரு. இடையில் இருந்தால் விடையைச் சொல்லாதே, பக்கத்தில் வேறு விடை எழுதியவரோடு வாதாடவிட்டு மறுபடி எழுதச் சொல். என் வகுப்பில் அது 12 பேர், 26 பேர் என்று வரும். இரண்டாவது முறை சிலேட் திரும்பும்போது எண்ணிக்கை ஏறியிருப்பதைப் பார்க்கிற சுகத்துக்காகவே இதைச் செய்யலாம்.

அறிகுறி: “தெரியாது டீச்சர்”

ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் கதவை மூடாதீர்கள். “சரி, ரெண்டு பேர் சொல்றதைக் கேளு, திரும்ப உங்கிட்ட வர்றேன், யார் சொன்னது பிடிச்சுதுன்னு சொல்லு.” கண்டிப்பாகத் திரும்பிப் போங்கள். ஒருமுறை மறந்தாலும் “தெரியாது” என்பது விடுதலைப் பத்திரம் ஆகிவிடும். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையிடம் இதை முயலாதீர்கள்.

அறிகுறி: போர்ஷன் முடியவில்லை

முடியாதுதான், எல்லாக் கேள்வியையும் இப்படிக் கேட்டால். பீரியடுக்கு ஒரு கேள்வி, அதற்கு எட்டு நிமிடம். மற்ற நேரத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுங்கள். 52 கேள்வியை 15 ஆகக் குறைத்தாலே அந்த எட்டு நிமிடம் கிடைத்துவிடும். ஒரு மார்க் கேள்விகளையும் விட வேண்டாம், ஐந்து நிமிடச் சிலேட் ரவுண்டில் முடியும் வேலை அது.

அறிகுறி: பிள்ளைகள் திருப்பிக் கேட்கிறார்கள், உங்களுக்குப் பதில் தெரியவில்லை

இது பழுது இல்லை, தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. ஆனாலும் கை நடுங்கும். மரத்தின் எடை பாடம் முடிந்த மறுநாள் ஒருத்தி கேட்டாள்: “மரம் காத்துல இருந்து எடை போடுதுன்னா, அடுப்புல எரிச்சா மறுபடி காத்தாத்தானே போகும்? அப்ப சாம்பல் மட்டும் ஏன் மிச்சம்?” முதல் பாதிக்கு ஆமாம் என்றேன். சாம்பலுக்கு மறுநாள்வரை தவணை வாங்கினேன். மண்ணிலிருந்து மரம் எடுத்துக்கொண்ட கால்சியம், பொட்டாசியம் போன்ற தாதுக்கள்தான் அது. வான் ஹெல்மான்டின் தொட்டியில் குறைந்த அந்த ஐம்பத்துச் சொச்சம் கிராம் எங்கே போயிருக்கும் என்று அவளுக்கு விளக்கும்போதுதான் எனக்கே உறைத்தது.

அன்றிலிருந்து போர்டின் வலது ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு “பாக்கி” என்று எழுதி வைத்திருக்கிறோம். பதில் தெரியாத கேள்விகள் அங்கே போகும். கண்டுபிடித்து வருபவர் அடித்துவிடலாம். இன்றைய தேதியில் மூன்று பாக்கி, அதில் ஒன்று ஜூலையிலிருந்து நிற்கிறது. சாயங்காலம் போர்டு துடைக்கிற ஆயா அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டுத் துடைக்கிறார்.